சேலையூரிலிருந்து பெருங்களத்தூர் வரை, லிட்டருக்குப் பதினெட்டு

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போன கதையை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கொள்ளிடம் பாலம், மதுரை இட்லி எல்லாம் அவர்கள் பாடு. நான் எழுதப் போவது சேலையூரிலிருந்து பெருங்களத்தூர் வரை போன பயணம். மற்றவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு வாரம் ஆனது.

காரணம் என் வீட்டுக்காரர். அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம். அதுவரை ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்து திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் வேதக்கோயிலில் அசனம் வந்தது. அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. உலகத்தில் எங்கே இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். சென்னையில் இருந்துகொண்டு போகாமல் இருந்தால், அடுத்த வருஷம் வரை அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். தினமும் கேம்ப் ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டுதான் போகிறேன். காலாண்டு விடுமுறை, கையில் லைசென்ஸ், வாசலில் வண்டி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பெருங்களத்தூரில் இருக்கும் அவருடைய அண்ணன், ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர், போனிலேயே நாள் கூலிக்கு வரும் ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார். அண்ணனும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. பெருங்களத்தூரில் ஏறிக்கொள்வாராம்.

எனக்கு வந்ததே கோபம். கல்யாணமான நாளிலிருந்து நான் திருநெல்வேலி ரோட்டில் போவது இடது பக்க சீட்டில், மடியில் எலுமிச்சம் சாதத் தூக்கோடு. ஆரஞ்சு உரித்துக் கொடுப்பது, டோல்கேட்டில் சில்லறை எடுத்துக் கொடுப்பது, அவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுப்பது, இதுதான் என் உத்தியோகம். ஒரு தடவையாவது அந்த ரோட்டை ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. இதற்கு மேல் பெரிய லட்சியம் எதுவும் எனக்கு இல்லை.

நான் ஓட்டுகிறேனே என்றேன். அவர் நேரடியாக வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. ஃபேனைப் பார்த்தபடி, நீ ஓட்டினால் வண்டி பெட்ரோல் ரொம்பக் குடிக்கிறதே என்றார். அவர் கையில் லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிற வண்டி, என் கையில் பதிமூன்று கூடத் தாண்டுவதில்லையாம். அவ்வளவு தூரம் போகிற பயணம், யோசித்துப் பார் என்றார். பார்த்துவிடலாம், வெள்ளிக்கிழமைக்குள் பதினெட்டு கொண்டுவந்தால் நான்தான் ஓட்டுவேன், வராவிட்டால் ஆக்டிங் டிரைவர் வரட்டும் என்று நான் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். எப்படியும் வராது என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை வண்டியின் எடையைக் குறைத்தோம். எங்கள் டிக்கியை முழுசாகத் திறந்து பார்த்தது அன்றைக்குத்தான். வேதாகமப் பள்ளிக்குச் செய்த அட்டை ஒட்டகம் இரண்டு, பாடகர் குழுவின் ஜமுக்காளம், பழைய பாட்டுப் புத்தகக் கட்டு, ரிப்பேருக்கு எடுத்துப்போக வேண்டும் என்று எப்போதோ ஏற்றிய கிரைண்டர் கல். இத்தனையும் போதாது என்று எங்களுடையதே அல்லாத ஒரு கேஸ் அடுப்பு. அது யாருடையது என்று இதுவரை தெரியவில்லை. கிரைண்டர் கல்லை இறக்கியதும் வண்டியின் பின்பக்கம் மூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பியது. இவ்வளவு நாள் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறோம், அதற்கும் என் காலைத்தான் குறை சொன்னீர்கள் என்றேன். அவர் ஒட்டகத்தைத் தூசி தட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

அங்கிருந்து பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "காத்தே இல்ல மேடம், நாலும் பேஜாரா கீது" என்றார். எவ்வளவு வைக்க வேண்டும் என்று கதவோரம் ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது. ஆனால் என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்திருக்கிறார், காற்று அதிகமாக இருந்தால் மைலேஜ் அதிகமாம். ஸ்டிக்கருக்கு மேல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றச் சொன்னார். கடைக்காரரும் நமக்கென்ன என்று ஏற்றிவிட்டார்.

அடுத்து டேங்க் ஃபுல். கணக்குச் சரியாக வர வேண்டுமானால் கழுத்து வரை நிரப்ப வேண்டும், காற்றுக் குமிழி வெளியே வர வண்டியைக் குலுக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். பெட்ரோல் பங்கில் நின்று வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, இரண்டு பைக்காரர்கள் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடிவந்து பின்னால் கை வைத்துத் தள்ளத் தொடங்கினார்கள். அதில் ஒருவர் என்னிடம், "அக்கா, நியூட்ரல்ல போடுங்க" என்று உத்தரவு வேறு போட்டார். நம்மூரில் ஒரு கார் நின்று ஒரு மனிதர் பின்னால் கை வைத்தால் போதும், காரணம் கேட்காமல் தள்ளுவார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததால் பிழைத்தோம். பங்குக்காரர் எங்களை அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மேடவாக்கம். பூகோளப்படி பக்கத்து ஊர்தான். ஆனால் எனக்கு வெளிநாடு. எங்கள் சேலையூரில் ஒரு வண்டி நின்றால் அது யாருடைய வண்டி, எதற்கு நிற்கிறது என்று தெரியும். அங்கே எல்லோரும் கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஓஎம்ஆர் பக்கம் பறக்கிறார்கள். தண்ணீர் லாரிகள் வேறு ரோட்டை நனைத்துக்கொண்டே போகும்.

அன்றைக்குப் பாடம், பிரேக் போடாமல் ஓட்டுவது. பிரேக் என்பது காசு கொடுத்து வாங்கிய வேகத்தைத் தூக்கி எறிவது என்று விளக்கினார். முன்னால் தூரத்தில் பார்த்து, சிக்னல் சிவப்பாக இருந்தால் இங்கேயே காலை எடுத்துவிட வேண்டுமாம். நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்க ஒரு கருவியும் கொண்டுவந்தார். டம்ளர் நிறைய ஃபில்டர் காபி. மூடி கிடையாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தார். காபி சிந்தினால் பெட்ரோல் சிந்துகிறது என்று அர்த்தம்.

ராஜகீழ்ப்பாக்கம் வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கடைசியில் டிரைவர் வண்டியை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து, தலையை வெளியே நீட்டினார். "இன்னாமா, சாமி ஊர்கோலமா போய்கினு கீற? சைடு குடும்மா."

சைடு கொடுத்தேன். அங்கே ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்தது. காற்று நிரம்பிய நான்கு டயரும் அதில் ஏறிக் குதித்தன. காபி முழுசும் வெள்ளை வேட்டியில் இறங்கியது. நல்லவேளை, அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் ஆறவிட்டிருந்தார். அதற்கப்புறமும் அவர் காலி டம்ளரைத் தீவிரமாகப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மேடவாக்கம் கூட்ரோடு சிக்னலில் பக்கத்தில் ஒரு பைக் நின்றது. கட்டட வேலைக்கு வந்த இரண்டு வடநாட்டு இளைஞர்கள். சின்ன வயதில் இந்திப் பரீட்சைகள் எழுதியவள் நான், அவர்கள் பேசியது புரிந்தது. பின்னால் இருந்தவன் சொன்னான், அங்கே பார், ஆன்ட்டி ஓட்டுகிறார், அங்கிள் காபி குடித்துக்கொண்டு ராஜா மாதிரி போகிறார், கட்டினால் இப்படிப் பெண்ணைக் கட்ட வேண்டும் என்று. முன்னால் இருந்தவன் பெருமூச்சு விட்டான். என்ன சொன்னார்கள் என்று இவர் கேட்டார். அப்படியே தமிழில் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்றைய கணக்கு பதினாலரை.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாக அதிகக் காற்றை இறக்கினோம். பஞ்சர் கடைக்காரர் ஏற்றினதற்கும் இறக்கினதற்கும் சேர்த்து எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மேலே இருந்த கேரியரைக் கழற்றினோம். ஏர் ஃபில்டரை மெக்கானிக் தட்டிக் காட்டினார், அதற்குள் சேலையூர் மண் ஒரு பிடி இருந்தது. ஏசி கிடையாது என்றார் என் வீட்டுக்காரர். ஜன்னலைத் திறந்தாலும் காற்று எதிர்த்து வண்டியை இழுக்கும், அதுவும் கிடையாது என்றார். புரட்டாசி முடிகிற நேரம், தாம்பரம் வெயில், மூடிய கார். இரண்டு பேரும் வியர்வையில் குளித்துக்கொண்டு கிஷ்கிந்தா ரோடு வரை போய் வந்தோம். வழியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் பார்த்துவிட்டு, சாருக்கு உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரிக்கா என்று போன் செய்தார். கணக்கு பதினாறு வந்தது. எனக்கு வியர்த்ததெல்லாம் மறந்துபோனது.

வியாழக்கிழமை கிளட்ச். சும்மா இருக்கும்போதும் என் இடது கால் கிளட்ச் மேலேயே குடியிருக்கிறதாம். உண்மைதான், எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காலைத் தரையில் வைத்து ஓட்டினால் வண்டி வேறு வண்டியாக இருந்தது. கியரும் சீக்கிரம் சீக்கிரம் மாற்றக் கற்றுக்கொண்டேன். கிழக்குத் தாம்பரம் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி வாங்கி வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் ஊரில் பஜ்ஜிக்கு வாழைக்காய்தான், சட்னி கெட்டியாக இருக்கும். இங்கே சட்னியைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், தாளில் நிற்பதில்லை. ஆனால் மழைக்கும் பஜ்ஜிக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பதினேழு வந்தாகிவிட்டது, நாளைக்குப் பதினெட்டு வந்துவிடும் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பஜ்ஜியைப் பிய்த்தபடி இருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"டிரைவர் வெச்சா நான் அண்ணன்கூடப் பின்சீட்ல உட்காரலாம் எஸ்தர். நீ ஓட்டினா நான் எங்க உட்காருவேன்?"

"முன்னாடி. என் பக்கத்துல."

"அதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பெட்ரோலாவது மைலேஜாவது. வருஷா வருஷம் அவர்தான் வண்டியை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போவார், கோயில் வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்குவார். இந்த வருஷம் டிரைவரோடு போனால் பெரிய மனிதர், பெண்டாட்டி ஓட்டிப் போனால் என்னவென்று அவருக்கே தெரியவில்லை. அதிலும் அண்ணன் முன்னால். இந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது. அண்ணன் இருமினால் இன்னும் எழுந்து நிற்பார். எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக ஸ்டீரிங்கை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. பங்கில் டேங்கை நிரப்பிக் குலுக்கியாயிற்று. அகரம்தென் பக்கம் காலி ரோட்டில் நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை நானே இன்னொரு தடவை ஓட்ட முடியாது. பிரேக்கை மொத்தமாக நாலைந்து தடவைதான் தொட்டிருப்பேன். சேலையூர் திரும்பி, வீட்டு வாசலில் அவருடைய கண் மருந்தை எடுக்க ஒரு நிமிஷம் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் சபை உபதேசியார் சைக்கிளில் வந்து இறங்கினார். பயணத்துக்கு ஜெபம் செய்ய அவரை வரச் சொல்லியிருந்தது என் வீட்டுக்காரர்தான். மறந்துவிட்டார்.

நான் இன்ஜினை அணைக்கச் சாவியைத் திருப்பப் போனேன். இவர் தடுத்தார். நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் இன்னும் அதிகம் குடிக்கும், ஐயா இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார் என்றார். உபதேசியாரும், ஓடுகிற வண்டியாகவே இருக்கட்டும், அதன் மேல் கை வைத்து ஜெபிக்கிறேன் என்று பானட்டில் கை வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடினோம்.

எங்கள் உபதேசியார் தங்கமான மனிதர். ஆனால் ஜெபத்தில் குறுக்கு வழி போக மாட்டார். முதலில் உலக சமாதானம். பிறகு தேசம், மாநிலம், தாம்பரம். அதற்கப்புறம்தான் எங்கள் வண்டிக்கு வந்தார். நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக ஒப்புக்கொடுத்தார். பிறகு பரனூர் டோல்கேட்டிலிருந்து கிளம்பி, பாலாறு, கொள்ளிடம், காவிரி, வைகை என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டினார். ஆறு வரும்போதெல்லாம் எங்கள் ரேடியேட்டர் ஃபேன் சர்ரென்று ஓடி நின்றது.

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய மேனிக்கே வலது கையை மெல்ல மெல்லச் சாவியை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். விரல் சாவியில் பட்ட நேரம், உபதேசியார் குரல் உடைந்து, "ஆண்டவரே, இந்த வண்டி பாதி வழியில் நின்றுவிடாதபடி" என்றார். இவர் சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அசையவே இல்லை. வைகையிலிருந்து தாமிரபரணி போய்ச் சேர இன்னும் நிறைய நேரம் ஆனது.

பங்குக்குப் போய் மறுபடி நிரப்பினோம். அவர் போனில் கணக்குப் போட்டார். ஒரு தடவை போட்டு, அழித்து, இன்னொரு தடவை போட்டார். பதினேழே முக்கால்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. வாசலில் நின்று எரிந்த பெட்ரோல் இல்லாவிட்டால் பதினெட்டைத் தாண்டியிருக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அதை எப்படி வாய் விட்டுச் சொல்வது? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜெபத்தின் மேன்மை சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஜெபத்தால் பெட்ரோல் வீணாயிற்று என்று என் வாயால் சொன்னால் அது நன்றாகவா இருக்கும்? அவர் மட்டும் என்ன, சபைக் கமிட்டியில் இருக்கிறவர். கேம்ப் ரோடு சிக்னல் வரை வந்தோம். ஆக்டிங் டிரைவர் எத்தனை மணிக்கு வருவார் என்று நான் கேட்டேன்.

சிக்னல் சிவப்பிலிருந்து பச்சையாயிற்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெபத்துக்கு எரிஞ்சதைக் கணக்குல சேர்க்கக் கூடாது, எஸ்தர். அது காணிக்கை."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஆக்டிங் டிரைவருக்குப் போன் செய்து, வீட்டிலேயே ஆள் இருக்கிறது தம்பி, தேவைப்படாது என்று அவரே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கிளம்பினோம். தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது அவர் ஒரு யோசனை சொன்னார். பெருங்களத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நிறுத்த வேண்டும். அவர் ஸ்டீரிங் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். ஓட்ட மாட்டார், சும்மா உட்காருவார். அண்ணன் நடந்து வந்து ஏறிக்கொண்டதும், கண் உறுத்துகிறது என்று சொல்லி என்னிடம் மாற்றிக்கொள்வார். இந்த நாடகத்துக்கு வசனம் உட்பட எல்லாம் தயாராக வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் நேற்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சரி என்றேன்.

யோசனை நல்ல யோசனைதான், பெருங்களத்தூர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. ஆயுத பூஜை லீவு ஆரம்பம். ஊரில் பாதி ஜனம் பையும் பெட்டியுமாக ரோட்டோரம் நின்றது. திருச்சி, மதுரை என்று கூவிக்கொண்டு பஸ்கள் மூன்று வரிசையாக நின்றன. ஆம்னி பஸ் ஒன்று என் கண்ணாடியை உரசிக்கொண்டு நுழைந்தது. நிறுத்தி இடம் மாறுவதாவது, ஒரு ஆள் கதவைத் திறக்கக்கூட இடமில்லை. நான் முதல் கியரில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, இரண்டு பஸ்களுக்கு நடுவில் வண்டியைச் செருகி ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு கண்டக்டர் எனக்காகக் கையைக் காட்டி வழி விட்டார். சரியாக அவருடைய அண்ணன், அதாவது எங்கள் ஊர் முறைப்படி என் அத்தான், முன்னால் போய் நின்றது வண்டி. ஒரு கையில் சூட்கேஸ், காலடியில் ஒரு அரிசிச் சிப்பம்.

அத்தான் குனிந்து தம்பியைப் பார்த்தார். இன்னும் குனிந்து ஸ்டீரிங் பக்கம் என்னைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். அங்கே எலுமிச்சம் சாதத் தூக்குதான் இருந்தது.

"ஏல, டிரைவர் எங்கல?"

இவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். உள்ளே உட்கார்ந்தபடியே எழுந்து நிற்கப் பார்க்கிறார் என்று தோன்றியது, சீட் பெல்ட் விடவில்லை. நான் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தேன். கண் உறுத்துகிற கதையைத்தான் சொல்லப் போகிறார், சொன்னால் சொல்லட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அண்ணே, நான் ஓட்டினா பதினெட்டு" என்றார். "இவ அதைத் தாண்டிட்டா."

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதைத் தாண்டினாள் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பின்னால் பஸ் ஹாரன் விடாமல் அடித்தது. அப்போது என் வீட்டுக்காரர், தன் ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக, அண்ணனை அதட்டினார்.

"சீக்கிரம் ஏறுங்க அண்ணே. அவ பெட்ரோல் வீணாப் போகுது."

அத்தான் ஏறிக் கதவைச் சாத்தினார்.